நூல் அசையாத பேச்சு

இசக்கிமுத்துவுக்குக் குரல் ஒரே நாளில் போய்விடவில்லை. 1964 தை மாதத்தில் லேசாகக் கரகரத்தது. நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குத் தொண்டை கட்டுவது புதிதில்லை என்பதால் அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் அங்கே சார்ஜ்மேன், ஆட்களை ஏவி வேலை வாங்குகிறவர். பெல்ட் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாது. அந்த இரைச்சலுக்கு மேலே ஏறி, கண்ணுக்கெட்டிய தூரத்தில் நிற்கிற ஆளைத் திரும்பிப் பார்க்க வைக்கிற தொண்டை அவருடையது. குவார்ட்டர்ஸிலும் அதே குரலில்தான் பேசுவார். மனைவி பேச்சியம்மாளுக்கு அது பழகிப்போயிருந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத்தான் இந்த அம்பாசமுத்திரத்துக்காரர் பெண்டாட்டியோடு எந்நேரமும் சண்டை போடுகிறார் என்று நினைப்பு.

ஆடியில் குரல் வெறும் காற்றாகிவிட்டது. விழுங்கினால் காது வரை வலித்தது. கம்பெனி ஆஸ்பத்திரியில் தொண்டை டாக்டர் சோமசுந்தரம் நெற்றிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அன்றைக்கே சென்னைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

சென்னையில் சுற்றி வளைக்காமல் சொன்னார்கள். குரல்வளை முழுவதையும் எடுத்தாக வேண்டும். கழுத்தில் ஒரு துளை இருக்கும், அதன் வழியாகத்தான் மூச்சு. உயிர் தங்கும், குரல் தங்காது. இசக்கிமுத்து ஒரு நாள் யோசித்தார். மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் கடைசியாகப் பேசிய வார்த்தை எது என்று பிற்பாடு பேச்சியம்மாளிடம் எழுதிக் கேட்டார். "தண்ணி வேணும்னு கேட்டிய. குடுக்கக் கூடாதுன்னுட்டாவ" என்றாள் அவள்.

ஐப்பசியில் நெய்வேலிக்குத் திரும்பியபோது கழுத்துத் துளையின் மேல் ஒரு மெல்லிய துணி கட்டியிருந்தது. கையில் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஒன்று இருந்தது. எழுதுவதற்குப் பொறுமை இல்லாத நேரத்தில் வாயை மட்டும் அசைப்பார். ப், ட், க் என்று வாயில் இருக்கிற காற்று வெடிக்கிற சத்தம் வரும். நடுவில் உள்ள உயிரெழுத்துகள் எதுவும் வராது. பேச்சியம்மாள் உதட்டைப் பார்த்து மீதியை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் அவர் எதையோ கேட்டார். அவள் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் தலையை ஆட்டினார். இன்னும் பெரிய பாத்திரமாகக் கொண்டுவந்தாள். அவர் சிலேட்டை இழுத்து 'மாத்திரை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

"நான் என்ன செய்ய? வாயைப் பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு" என்றாள் அவள்.

பார்க்க வந்தவர்கள் வேறு விதமாகத் தொந்தரவு கொடுத்தார்கள். பெல்ட்டில் அவருக்குக் கீழே கான்ட்ராக்ட்டில் இருந்து, பிறகு பம்ப் பிரிவில் பர்மனென்ட் ஆன சக்கரபாணி, காடாம்புலியூரிலிருந்து சைக்கிள் கேரியரில் பருவம் தப்பிக் காய்த்த ஒரு பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே நுழைந்ததிலிருந்து உரக்கக் கத்தினார்.

"அண்ணே, ஒடம்பு எப்படி இருக்குதுங்க? சாப்பாடு எறங்குதுங்களா?"

இசக்கிமுத்து சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'காது நல்லாத்தான் கேக்குது.'

சக்கரபாணி படித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்த கேள்வியையும் கத்தித்தான் கேட்டார். பழத்தை அறுத்தபோது வாசனை தெருமுனை வரை போகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். இசக்கிமுத்துவுக்கு எதுவும் தெரியவில்லை. மூக்கு வழியாகக் காற்றுப் போகாதவனுக்கு வாசனையும் இல்லை என்று சென்னையில் யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

டாக்டர் சோமசுந்தரம் அவரை விட்டுவிடவில்லை. மாலையில் வெளிநோயாளிகள் கூட்டம் வடிந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார். ஐப்பசியில் முதல் தடவை போனபோதே மேஜை மேல் ஓர் இங்கிலீஷ் வைத்தியப் பத்திரிகை விரித்து வைத்திருந்தது.

"குரல்வளைங்கிறது சத்தம் குடுக்கிற இடம், அவ்வளவுதான்" என்றார் டாக்டர். "அந்தச் சத்தத்தை ஆன்னும் ஈன்னும் ஆக்குறது வாய்க்குள்ள நாக்கு நிக்கிற நிலை. ப, ட, க எல்லாம் உதட்டுலயும் நாக்குலயும் பொறக்குது. அதுல எதையும் அவங்க வெட்டலை. எல்லாம் உங்ககிட்ட அப்படியே இருக்கு. சத்தத்துக்கு மட்டும்தான் வேற வழி பாக்கணும்."

'என்ன வழி?' என்று சிலேட்டில் எழுதினார் இசக்கிமுத்து.

"ஏப்பம்."

டாக்டர் கேலி செய்கிறாரோ என்று இசக்கிமுத்து அவர் முகத்தைப் பார்த்தார். டாக்டர் சிரிக்கவில்லை. வாயில் உள்ள காற்றை உணவுக்குழாயின் மேல்பகுதிக்குள் தள்ள வேண்டும். அது வயிற்றுக்கு இறங்குவதற்குள் திருப்பி வெளியே விட வேண்டும். திரும்பி வரும்போது தொண்டைச் சதை அதிரும். அந்த அதிர்வுதான் இனிமேல் குரல். வெளிநாட்டில் இப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று விளக்கினார். தானும் செய்து காட்ட முயன்றார். அவருக்கு விக்கல்தான் வந்தது.

ஏப்பம் வரவழைப்பதற்காக மார்க்கெட்டிலிருந்து கோலி சோடா வாங்கி வரச் சொன்னார். இசக்கிமுத்து குடித்தார். ஏப்பம் வந்தது. அது வருகிறபோது வாயை 'ஆ' என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. ஏப்பம் முன்னால் வந்தது, வாய் பின்னால் திறந்தது. வாய் திறந்து காத்திருந்தால் ஏப்பம் வரவில்லை. பல வாரங்கள் இப்படியே போயின. வயிறு ஊதிக்கொண்டு சாப்பாடு பிடிக்காமல் போனது. இந்த வேலையே வேண்டாம் என்று இரண்டு தடவை போகாமல் இருந்துவிட்டார். இரண்டு தடவையும் பேச்சியம்மாள்தான் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

பிறகு டாக்டர் சோடாவை விட்டுவிட்டு எழுத்துகளைப் பிடித்தார். 'ட' சொல்லும்போதும் 'ப' சொல்லும்போதும் நாக்கும் உதடும் காற்றை அழுத்துகின்றன. அந்த அழுத்தமே கொஞ்சம் காற்றை உணவுக்குழாய்க்குள் தள்ளிவிடும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. ஆகவே அந்த எழுத்துகள் நிறைந்த ஒரு சொல்லைக் கொடுத்தார். மார்கழியில் ஒரு மாலை, மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த இசக்கிமுத்துவின் தொண்டையிலிருந்து கனமாக, ஈரமாக, ஒரு சத்தம் வந்தது.

"டப்பா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

இன்னொரு தடவை வரவில்லை. நான்காவது முயற்சியில் வந்தது. வீட்டுக்கு நடந்து போகிற வழியெல்லாம் இசக்கிமுத்து அதையே சொல்லிக்கொண்டு போனார். எதிரே சைக்கிளில் வந்தவர் இறங்கி நின்று பார்த்தார்.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. ப, த, ட, க என்று தொடங்குகிற சொற்கள் முதலில் வந்தன. 'பேச்சி' சீக்கிரமே வந்துவிட்டது. உயிரெழுத்தில் தொடங்குகிற 'அம்பாசமுத்திரம்' பங்குனி வரை படுத்தியது. இங்கிலீஷ்காரர்கள் இந்தக் குரலில் பேசும்போது 'p'யும் 'b'யும் குழம்பிப்போகிறது என்று பத்திரிகையில் பெரிய கவலையாக எழுதியிருந்தார்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே ப போதுமென்று விட்டிருக்கிறார்கள், உங்களுக்கு ஒரு கஷ்டம் குறைவு என்றார் டாக்டர். கேள்வி கேட்கக் குரலை உயர்த்த வேண்டிய அவசியமும் இல்லை. 'வந்தான்' என்பதோடு ஓர் ஆ சேர்த்தால் கேள்வி ஆகிவிடுகிறது.

ஆனால் கோபத்துக்கு அப்படி ஓர் எழுத்து இல்லை. சாம்பாரில் உப்பு அதிகம் என்று ஒரு நாள் சொன்னார். பேச்சியம்மாள் வாசற்படியில் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கோவமாச் சொல்லுதியளா, சும்மா சொல்லுதியளா?"

"கோவமா" என்றார் அவர்.

"அப்பம் சரி. தெரிஞ்சுக்கிடணும்லா" என்றுவிட்டு உள்ளே போனாள்.

1965 வைகாசியில் லீவு எல்லாம் தீர்ந்தது. கழுத்தில் துளை உள்ளவர் நிலக்கரித் தூசியில் நிற்க முடியாது என்று டாக்டர் எழுதிவிட்டார். பெல்ட் வேலை முடிந்த கதை. மிச்சம் இருந்தது ஒரே வழி. சுரங்கத்துக்கு அடியில் இருக்கிற ஊற்று நீர் மேலே பொங்காமல் இருக்க, சுற்றிலும் பம்புகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பம்புகளின் நீர்மட்டத்தை வாங்கிப் பதிந்து, ஓட்டு, நிறுத்து என்று உத்தரவு சொல்கிற கன்ட்ரோல் ரூமில் ஓர் இடம் காலியாக இருந்தது. தூசி இல்லை. உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் எல்லாம் டெலிபோனில்.

அந்தப் பிரிவின் என்ஜினீயர் கோபாலகிருஷ்ணன் டாக்டரின் அறைக்கே வந்து இசக்கிமுத்துவோடு பேசினார். பேசிப் பார்த்ததில் அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. இருந்தாலும் தயங்கினார்.

"எனக்கு இவர் மேல மரியாதை இருக்கு டாக்டர். ஆனா நிறுத்துன்னு சொன்னது அந்தப் பக்கம் ஓட்டுன்னு விழுந்தா அப்புறம் யாரைக் கேக்கறது? போன்ல பேசவிட்டுப் பாத்துடுவோம்."

சோமசுந்தரம் உடனே ஒத்துக்கொண்டார். அவருக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை மாதமாகத் தன் எதிரே உட்கார்ந்து இந்த மனிதர் பேசுவதில் தனக்கு ஒரு சொல்கூடத் தப்புவதில்லையே என்று நினைத்தார்.

ஒரு சனிக்கிழமை சோதனை நடந்தது. ஆஸ்பத்திரி போனில் இசக்கிமுத்து. கன்ட்ரோல் ரூமில் இரண்டு கிளார்க்குகள். மூன்றாவதாக, எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் விஜயகுமாரி. மூன்று பேரும் ஒரே இணைப்பில் கேட்டு, காதில் விழுந்ததை எழுத வேண்டும். கல், கால், பல், பால், கடை, தடை, படை என்று டாக்டர் தேர்ந்த சொற்களை இசக்கிமுத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். யாரும் எதிரே இல்லாததால் நன்றாகக் கேட்க வேண்டுமே என்று அழுத்திச் சொன்னார். பழைய பெல்ட் பழக்கம், மார்பிலிருந்து உந்தித் தள்ளினார். முடிக்கும்போது சட்டை நனைந்திருந்தது.

எழுதியதை கோபாலகிருஷ்ணன் ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்குகூடச் சரியில்லை. கடை படையாகியிருந்தது. பல இடங்களில் வெறும் கோடு. ஒரு கிளார்க், இடையில் லைன் கெட்டுவிட்டது என்று நினைத்து ரிசீவரைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

"ஒரு மாசம் பாருங்க" என்றார் கோபாலகிருஷ்ணன், டாக்டரைப் பார்க்காமல். "அதுக்கு மேல என் கையில இல்லை. மெடிக்கல் டிஸ்சார்ஜ்னு ஆயிட்டா குவார்ட்டர்ஸையும் காலி பண்ணும்படி ஆகும்."

இசக்கிமுத்து அன்றைக்கு மறுபடியும் சிலேட்டை எடுத்தார். வீட்டில் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

டாக்டருக்கு விஷயம் பிடிபடவில்லை. எக்ஸ்சேஞ்சுக்கே போய் விஜயகுமாரியிடம் கேட்டார். அவள் ஈரோட்டுப் பக்கத்துப் பெண். நாள் முழுவதும் நகரியத்து மனிதர்களைக் குரலாகவே அறிந்தவள். நாசூக்காகச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"வார்த்தை ஏதோ இருக்குதுங்க சார். ஆனா அதுக்கு மேலாப்ல புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதுங்க. சைக்கிள் ட்யூப்ல காத்து எறங்குற மாதிரி. அவர் அழுத்திச் சொல்லச் சொல்ல அதுதான் ஜாஸ்தியாகுது."

டாக்டர் திரும்பி வந்து இசக்கிமுத்துவை உட்காரவைத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பேசச் சொன்னார். முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். பாதி புரியவில்லை. கழுத்துத் துளையிலிருந்து மூச்சு சீறிக்கொண்டு வெளியேறுகிற சத்தம் குரலை மூடிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமும் தன் காது பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது, மீதியைக் கண் செய்திருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் பேச்சியம்மாளும் அப்படித்தான். புருஷன் பேச ஆரம்பித்ததும் அடுக்களையிலிருந்து வாசற்படிக்கு வந்து நிற்பதை ஒரு வழக்கமாக்கிக்கொண்டிருந்தாள். ஏன் வருகிறோம் என்று அவளே யோசித்ததில்லை.

"தப்பு என்னோடது" என்றார் டாக்டர். "நீங்க மாரிலேருந்து காத்தைத் தள்றீங்க. அந்தக் காத்துக்கும் உங்க பேச்சுக்கும் இனிமே சம்பந்தம் இல்லை. அது துளை வழியா வெளிய போகுது, சத்தம் போட்டுக்கிட்டு. நீங்க எவ்வளவு பலமாப் பேசணும்னு நினைக்கிறீங்களோ அவ்வளவுக்கு அது உங்களை அமுக்கும்."

"அப்ப?" என்றார் இசக்கிமுத்து.

"மெதுவா."

கட்டுத்துணியிலிருந்து ஒரு பஞ்சு நூலை உருவி, அவர் கழுத்துத் துளைக்கு எதிரே தொங்கும்படி சட்டைக் காலரில் ஒட்டினார். பேசும்போது அந்த நூல் அசையக் கூடாது.

முதல் நாள் நூல் கொடி போலப் பறந்தது. பிறந்ததிலிருந்து மூச்சும் பேச்சும் ஒன்றாகவே இருந்த உடம்பு. வாய் திறந்தால் நெஞ்சு தானாக எழும்பும். இப்போது நெஞ்சைக் கல்லாக நிறுத்திவிட்டு, வாய்க்கும் தொண்டைக்கும் நடுவில் உள்ள சொற்பக் காற்றில் பேச வேண்டும். தூரத்து ஆளைக் கூப்பிடுவதற்கென்றே வளர்ந்தவருக்கு இது மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. சத்தத்தைக் குறைத்தால் கேட்கும் என்பதை மனம் நம்ப மறுத்தது.

வீட்டில் பேச்சியம்மாள் பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவர் கூடத்தில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, நூலைப் பார்த்தபடி சொல்வார். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் திருப்பிச் சொல்வாள். முதல் வாரம் அவள் சொன்னதெல்லாம், "கேக்கல" என்பது மட்டும்தான். இரண்டாவது வாரம் ஒரு நாள், "கத்தரிக்கா இல்ல, தீந்துட்டு" என்றாள். அவர் சிறிது நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நூல் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது சோதனைக்கு கோபாலகிருஷ்ணன் வேறு ஆட்களைக் கொண்டுவந்தார். பழைய மூவரும் இந்தக் குரலை ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள், இவரை முன்பின் அறியாதவர்கள் கேட்டால்தான் சரி என்றார். பவர்ஹவுஸ் ஆபீசிலிருந்து மூன்று பேரை அழைத்துவந்திருந்தார். சொற்களும் புதியவை, நடுநடுவே எண்களும் இருந்தன. இசக்கிமுத்து நூலை ஒட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில், அவசரப்படாமல் சொல்லி முடித்தார்.

தொடக்கத்தில் இருந்த சொற்களில் நிறையத் தவறு. பாதிக்கு மேல் தவறு குறைந்துகொண்டே போய், கடைசிப் பகுதியில் மூவரும் அநேகமாக எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்தார்கள். கோபாலகிருஷ்ணன் தாளை வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார்.

"பின்னாடி சுலபமான வார்த்தையாப் போட்டுட்டீங்களா டாக்டர்?"

"இல்லை. கலைச்சுத்தான் எழுதினேன்."

"அப்ப, முதல்ல உள்ளதை வரிசையை மாத்தி மறுபடி சொல்லச் சொல்லுங்க."

இசக்கிமுத்து மறுபடி சொன்னார். முன்னால் கோட்டை விட்ட சொற்களை இப்போது அதே மூவரும் எழுதினார்கள். ஒருவர் மட்டும் 'மடை'யை 'மட்டை' என்று போட்டிருந்தார்.

"அவர் ஆரம்பத்துல எப்படிப் பேசினாரோ அப்படியேதான் பேசுறார்" என்றார் சோமசுந்தரம் மெதுவாக. "கேக்கறவங்க காதுதான் வழிக்கு வந்திருக்கு."

கோபாலகிருஷ்ணன் தாளை மடித்தார். பம்பு ஆட்கள் தினமும் இவரோடுதான் பேசப்போகிறார்கள், அவர்கள் காதுக்கும் பழகிவிடும் என்பது அவருக்கு ஓரளவு ஆறுதலாக இருந்தது. ஒரு நிபந்தனை போட்டார். நிறுத்து என்று இவர் சொன்னால் மட்டும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "இவருக்காக மட்டும் இல்லை. எல்லா ஷிப்டுக்கும் இதையே வெச்சுடறேன்" என்றார். கிரேடு ஒன்று இறங்கியது. குவார்ட்டர்ஸ் தங்கியது.

ஆடி பிறந்ததும் இசக்கிமுத்து கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தார். முதல் அழைப்பு சக்கரபாணியிடமிருந்து. பழைய சார்ஜ்மேன் இருக்கிறார் என்று தெரியாமல், "மட்டம் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?" என்று ஆரம்பித்தார். "சொல்லு சக்கரபாணி" என்றார் இசக்கிமுத்து. பிறகு மட்டம் வந்தது. இந்தத் தடவை சக்கரபாணி கத்தவில்லை.

பம்பு ஆட்கள் சீக்கிரம் பழகிவிட்டார்கள். புதியவர்கள்தான் தொல்லை. சில நாட்கள் கழித்து பவர்ஹவுஸிலிருந்து, அவர் குரலை அறியாத ஓர் ஆள் கூப்பிட்டார்.

"ஹலோ, யார் பேசறது? லைன் சரியில்லைங்க. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."

இசக்கிமுத்து ரிசீவரை வாய்க்கு இன்னும் அருகே கொண்டுவந்தார். நெஞ்சை அசையவிடவில்லை.

"லைன் சரியாத்தான் இருக்கு. இதுதான் என் குரல். கொஞ்சம் கேளுங்க, புரியும்."

அந்தப் பக்கம் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சரிங்க. சொல்லுங்க" என்றார் அந்த ஆள்.

இசக்கிமுத்து, பம்பு வாரியாக, அன்றைய மட்டத்தைச் சொல்லத் தொடங்கினார். முதல் இரண்டு எண்களை அந்த ஆள் திரும்பக் கேட்டார். மூன்றாவதைக் கேட்கவில்லை.